என் காலில் ஓடிய தறிகள்

கரண்ட் நாளில் பாதி நேரம் இல்லாமல் போன அந்த வருஷங்களில், சுள்ளிமேடு நாலாவது வீதியில் மட்டும் தறி நிற்காமல் ஓடியது என்றால், அது என் காலால் ஓடியது. இப்போது அங்கே போய்க் கேட்டால், அப்படியா, எங்களுக்கு நினைவில்லையே என்பார்கள், இன்வெர்ட்டர் இருந்தது என்பார்கள், சாமி புண்ணியம் என்பார்கள். என் கட்டிலில் நூல் முடிந்து பிழைத்த அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள், நான் அவர்களில் ஒருத்தரையும் மறக்கவில்லை, ஆகவே நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பேர் அர்த்தநாரி. பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை, மீசை முளைக்கும் முன்பே விசைத்தறிப் பட்டறைக்குள் போய்விட்டேன். பட்டறை வையாபுரியுடையது. நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லிலிருந்து, பாவு நூல் சுற்றி வரும் கனத்த உருளையை இரண்டு பேர் தோளில் தூக்கி வந்து தறியில் ஏற்ற வேண்டும், ஒரு ஆள் முன்னால், ஒரு ஆள் பின்னால். பல வருஷம் கழித்து ஒருநாள், முன்னால் நான், பின்னால் என் தம்பி ராக்கியண்ணன். வாசற்படி ஏறும்போது அவன் கையை விட்டான். வியர்வையில் வழுக்கியது என்று அவன் சொன்னான், யாரோ கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். எதுவாக இருந்தாலும் உருளை விழுந்தது என் இடுப்பில். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், சொல்லியே ஆக வேண்டியதை என் மனைவி அத்தாயியிடம் சொல்வேன், அவள் இல்லாதபோது சுவரைப் பார்த்துச் சொல்வேன், அவனும் அந்தப் பக்கமிருந்து சுவருக்கே பதில் சொல்வான். வீதியில் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் எல்லாம் அப்படித்தான் காரியம் பார்ப்பார்கள்.

ஈரோட்டில் ஆபரேஷன் செய்து இடுப்பில் இரும்பு வைத்து அனுப்பினார்கள், வலிக்கு ஒரு மாத்திரை எழுதினார்கள், கொஞ்ச காலத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் எழுதினார்கள். அந்தக் காலம் முடிந்த பிறகும் எங்கள் வீதி முக்கு மருந்துக்கடைச் சம்பத் சீட்டைக் கேட்காமல் கொடுத்துக்கொண்டே இருந்தான், நானும் வாங்கிக்கொண்டே இருந்தேன். அந்த மாத்திரையைக் குறை சொல்ல முடியாது. அது வலியை எடுத்து எங்கேயும் எறியவில்லை, பக்கத்து அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியது, வலி அங்கே செருமுவது கேட்கும், யாரோ ஊரிலிருந்து வந்தவன் செருமுவது போல இருக்கும், நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்ப்பேன். ஆனால் வலியோடு சேர்த்து வேறு சிலதையும் அது அந்த அறைக்குள் தள்ளிவிட்டது எனக்குத் தெரியவில்லை. எனக்கு வையாபுரி மேல் கோபம் உண்டு, அடிபட்டுக் கிடந்தவனைப் பார்க்க வராமல் என் தறிக்கு வேறு ஆள் போட்டான். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டின் மேல் கோபம் உண்டு, கல்யாணப் பந்தியில் என்னைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தம்பி மேல் உள்ளதைச் சொல்லவே வேண்டாம். இந்தக் கோபங்களை நான் காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன், மாட்டுக்காரன் கொட்டகையில் மாட்டைத் தட்டிப் பார்ப்பது போல. மாத்திரை வந்த பிறகு கொட்டகை காலியாகக் கிடந்தது, காலியாக இருப்பதுகூட எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஒருநாள் காலையில் பால் வாங்கப் போனேன், எதிரில் ராக்கியண்ணன் வந்தான், நான் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவன் கண் கலங்கி அப்படியே பால் தூக்குப்போசியோடு நின்றான். வீட்டுக்கு வந்து பாலை அடுப்பில் வைத்துப் பொங்கிய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. என் கோபத்தை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு ஒரு மாத்திரைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. இருந்த மாத்திரைப் பட்டையை அப்படியே கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன், போய்ச் சம்பத்திடம் இனிமேல் எனக்குக் கொடுக்காதே என்றும் சொன்னேன். அவன் கடையில் நாலு பேர் நிற்கும்போது சிரித்தான்.

"நாளைக்குச் சாயந்திரம் வருவீங்க பாருங்கண்ணா. உங்களுக்காகவே கடையைத் தொறந்து வெச்சிருப்பேன்."

அந்தச் சிரிப்புக்காகவே நான் போகவில்லை. முதலில் கொட்டாவி வந்தது, வாய் மூட முடியாத கொட்டாவி, பிறகு மூக்கும் கண்ணும் ஒழுகின, மேலெல்லாம் புல்லரித்து மயிர் எழுந்து நின்றது, வயிறு தண்ணீராகப் போனது, வேர்த்துக்கொண்டே குளிர்ந்தது, பக்கத்து அறையில் அடைத்து வைத்திருந்ததெல்லாம் கதவை உடைத்துக்கொண்டு ஒன்றாக உள்ளே வந்து உட்கார இடம் கேட்டது. எல்லாவற்றையும் விட மோசம் கால். காலுக்குள் எறும்புப் புற்று இருப்பது போல, நீட்டினால் மடக்கத் தோன்றும், மடக்கினால் உதறத் தோன்றும், உதறினால் மறுபடி நீட்டத் தோன்றும், எழுந்து நடந்தால் உட்காரத் தோன்றும், உட்கார்ந்தால் சுவரில் ஏறத் தோன்றும். கால் உதறிய உதறலில் நான் படுத்திருந்த கட்டில் நடக்கத் தொடங்கியது. வாசல் வழியாக வெளியே போய், வீதியில் இறங்கி, குழாயடி வரைக்கும் போய்த் திரும்பியது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடங்களை ஓரமாக எடுத்து வைத்து வழிவிட்டார்கள். அத்தாயி பின்னாலேயே போர்வையோடு வந்தாள்.

மாடு ஓடினால் கட்ட வேண்டியதுதான், கட்டில் ஓடினாலும் அப்படித்தான். அவள் கழிவு நூலில் முறுக்கிய கயிற்றை எடுத்து, கட்டில் காலில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் பட்டறைச் சன்னல் கம்பியில் கட்டினாள். எங்கள் வீட்டுப் பின்சுவரும் வையாபுரியின் பட்டறைச் சுவரும் ஒன்று. மதிய கரண்ட் போய் வீதியே ஓய்ந்து கிடந்த நேரம். கயிறு விறைத்ததும் கட்டில் நின்றது, உள்ளே தறி ஓடத் தொடங்கியது. ஒரு தறி, பிறகு அடுத்தது, பிறகு அந்த வரிசை முழுக்க, குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்துக்கொண்டு ஓட, மெயின் சுவிட்ச் கீழே இறங்கியபடியே இருந்தது. நிழலில் படுத்திருந்த ஆட்கள் எழுந்து வந்து பார்த்தார்கள், அறுந்த இழையை முடிந்தார்கள், நாடாவுக்குள் நூல் தீர்ந்த தாரை மாற்றினார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். தறி ஓடும்போது நின்று யோசித்தால் துணி கெட்டுப்போகும்.

மறுநாளே மற்ற பட்டறைக்காரர்கள் நூலோடு வந்தார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை, அத்தாயியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டிலில் முடிந்துகொண்டு போனார்கள். பச்சை நூல், சிவப்பு நூல், சாயம் ஏறாத வெள்ளை நூல் என்று சன்னலிலும் கதவிடுக்கிலும் ஓட்டுச் சந்திலும் புகுந்து என் வீட்டிலிருந்து வீதி முழுக்கப் போனது. தறி வைத்திருப்பவர்களோடு அது நிற்கவில்லை. எதிர்வீட்டுக் கோமதிக்குக் கைக்குழந்தை, அவள் தூளிக் கயிற்றில் ஒரு நூலைக் கட்டி அதைக் கொண்டுவந்து என் கட்டிலில் முடிந்தாள், தூளி தானாக ஆடியது, குழந்தை தூங்கியது, அதைப் பார்த்து வீதியில் பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் கட்டினார்கள். மாவாட்டுகிறவர்கள் கட்டினார்கள். டீக்கடைக்காரர் விசிறி கட்டிக்கொண்டார். புகார் போய் லைன்மேன் வந்தார், கம்பத்தில் ஏறிப் பார்த்தார், என் வீட்டுக்குள் வந்து கட்டிலைப் பார்த்தார், நான் காலை உதறிக்கொண்டே வணக்கம் சொன்னேன், இது எங்கள் இலாகா இல்லை என்று டீ குடித்துவிட்டுப் போனார்.

என்னை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கேட்டார்கள். வையாபுரி தினமும் வந்து கேட்டான், அடிபட்டபோது வராதவன். அவன் கேட்ட விதம்தான் வேறு. வயிற்றுப்போக்கு அதிகமாக இருந்த நாளில் கால் விட்டுவிட்டு உதறும், அன்றைக்குத் துணியில் பட்டை பட்டையாக விழும்.

"ஏப்பா அர்த்தநாரி, கொஞ்சம் சீரா ஆட்டக் கூடாதா? யாவாரி துணியைத் தூக்கி மூஞ்சியில எறியறான்."

நான் அவனைப் பேச முடியாத ஒரு வார்த்தையில் பேசினேன். அந்த நேரத்தில் அவ்வளவு திட்ட முடிந்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் கோபங்கள் கொட்டகைக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அவன் அதைக் காதில் வாங்காமல், கால் நன்றாகத்தான் ஆடுகிறது என்று அத்தாயியிடம் சொல்லிவிட்டுப் போனான். என் காலில் நெய்த கைலிகளைக் கட்டியவர்கள் ஒரு இடத்தில் உட்கார முடியாமல் திரிந்தார்கள் என்றும், கடையில் மடித்து வைத்த துண்டுகள் காலையில் கலைந்து கிடந்தன என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அதற்கும் ஆள் இருந்தது, நடை வியாபாரிகள் அதைத்தான் கேட்டு வாங்கினார்களாம்.

நூல் கட்டாதவன் ஒருத்தன்தான், ராக்கியண்ணன். அவனும் கூலிக்கு ஓட்டிய காலத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு ஜோடித் தறி போட்டிருந்தான். வீதியெல்லாம் ஓட அவன் தறி மட்டும் கரண்ட்டுக்குக் காத்துக்கொண்டு நின்றது, சுவருக்கு அந்தப் பக்கம் அந்த அமைதி எனக்குத் தனியாகக் கேட்டது. அதிலும் எனக்குக் கோபம். ஊருக்கே ஆகிற கால் இவனுக்கு ஆகவில்லையா? அத்தாயியிடம் சொல்லிக் கேட்கச் சொன்னேன். அவள் போய்க் கேட்டுவிட்டு வந்து, அவனுக்கு வேண்டாமாம் என்று மட்டும் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல இவன் யார் என்று அன்றைக்கு முழுக்கச் சுவரிடம் கத்தினேன். சுவர் பதில் சொல்லவில்லை.

பிறகு கால் தணிந்தது. ஒரு விடியற்காலையில் பார்த்தால் மூக்கு காய்ந்திருந்தது, பசித்தது, நீட்டிய கால் நீட்டியபடியே கிடந்தது. அன்று மதியம் கரண்ட் போனதும் தறிகள் கொஞ்சம் முனகிவிட்டு நின்றன.

எங்கள் வீதியில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தத்தில்தான் தூக்கம் வரும், சத்தம் நின்றால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள், ஓடுகிறது நல்ல தறி, நின்றது சீக்குப் பிடித்த தறி, இதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. தூளிகள் நின்று குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன. சனங்கள் கூட்டமாக வந்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நான் அசையாமல் படுத்திருப்பதைப் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். கோமதி என் காலைத் தொட்டுப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கடைசி நேரம் போல நெற்றியில் திருநீறு பூசினார்கள். நான் நல்லா இருக்கேன், இப்பத்தான் நல்லா இருக்கேன் என்று எவ்வளவோ சொன்னேன், சீக்காளி அப்படித்தான் சொல்வான் என்று தலையாட்டினார்கள். அவர்கள் தெரியாமல்தான் அப்படி நினைத்தார்கள் என்று அத்தாயி இன்றைக்கும் சொல்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தெரியாமல் இருப்பது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

கோமதி வீட்டிலிருந்து மிளகு ரசம் வரத் தொடங்கியது, உடம்பு தேறட்டும் என்று. காரத்துக்கு அடியில் ஒரு கசப்பு இருந்தது, நாக்குக்கு அது பழைய பழக்கம், ஆனால் அது மனதுக்கு எட்டும் முன்பே இடுப்பு இளகி, கண் சொருகி, எல்லாரையும் எனக்குப் பிடித்துப்போனது. மாத்திரையைச் சம்பத் பொடித்துக் கொடுத்திருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது. ரசம் கொஞ்ச நாள் தவறாமல் வந்தது, நான் எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தேன், வையாபுரிக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். திடீரென்று ரசம் நின்றது. கொட்டாவி வந்தது, மூக்கு ஒழுகியது, கால் எழுந்தது, தறி ஓடியது. வீதி நிம்மதியாக மூச்சு விட்டது, அண்ணனுக்குக் குணமாகிவிட்டது என்று தேங்காய் உடைத்தார்கள். மறுபடி கால் தணிந்தது, மறுபடி மாத்திரை வந்தது. இந்த முறை கூட்டில் கலந்து வந்தது.

கூட்டு தின்று நான் இரண்டாவது தடவை சிரித்துக்கொண்டு கிடந்தபோது அத்தாயி, தேடி வந்தவர்கள் தட்டத் தட்டக் கதவைத் திறக்காமல், பின்வாசல் வழியாக என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். படுத்துக் கிடந்ததில் என் காலில் சிக்கிக்கொண்ட நூல்களை அறுக்க நேரமில்லை, அப்படியே சுற்றிக்கொண்டு போனோம், பஸ் போன தூரமெல்லாம் அவை பின்னால் நீண்டுகொண்டே வந்தன. டாக்டரம்மா வயதில் சின்னவர், ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். நூலை ஒதுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு முழங்காலைத் தட்டிப் பார்த்தார். தட்டியதில் கால் தானாக உதறியதும் கரண்ட் இல்லாத வார்டில் மின்விசிறி சுற்றியது, நோயாளிகள் இவரை இங்கேயே படுக்க வையுங்கள் என்று நர்சைக் கேட்டார்கள். டாக்டரம்மா அவர்களைப் போகச் சொன்னார்.

"திடீர்னு நிறுத்துனது தப்புங்கய்யா, இந்த மாத்திரையைப் படிப்படியாத்தான் இறக்கணும். ஆனா அதைவிடப் பெரிய தப்பு, விட்டுட்டு மறுபடி பழைய அளவுக்குச் சாப்பிடறது. உடம்பு அதுக்குள்ள அதை மறந்திருக்கும். தூக்கத்துலயே மூச்சு நின்னுரும்."

பஸ்ஸில் வரும்போது அத்தாயி சன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"அடுத்த தடவை நீங்க எந்திரிக்கலீன்னா நான் போயி யாரைக் கேக்கறது? தறியையா?"

அதற்கப்புறம் டாக்டரம்மா கொடுத்த மருந்து அவள் சுருக்குப்பையில் இருந்தது, அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அவளே என் கையில் வைத்தாள். வெளி வீட்டுப் பண்டம் எதுவும் உள்ளே வரவில்லை, அத்தாயி தான் வாயில் வைத்துப் பார்க்காத ஒரு வாய் தண்ணீர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. உள்ளே இருக்கிற எறும்புகள் ஒரேயடியாகக் கிளம்பாமல் வரிசையாக வெளியேறின. கால் ஆடியது, ஆனால் மெதுவாக, அதனால் தறியும் கிழவன் நடப்பது போல ஓடியது, தூளி தூங்க வைக்கவும் போதாமல் விழிக்க வைக்கவும் போதாமல் ஆடியது. வீதி முழுக்க முகம் வாடியது. அர்த்தநாரிக்கு நாளுக்கு நாள் மோசமாகிறது, அந்தப் பொம்பளை கொன்றுவிடுவாள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அவளுக்குத் தண்ணீர் பிடிக்க முறை விடவில்லை. ராக்கியண்ணன் அவளுக்கும் சேர்த்து இரண்டு குடம் பிடித்து வாசலில் வைத்துவிட்டுப் போனான், அதை நான் பார்த்தேன், பார்க்காதது போலத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தீபாவளி ஆர்டர் வந்த சமயம் அத்தாயியின் சுருக்குப்பையில் இருந்த மருந்து முடிந்தது. கால் அடங்கியது. நன்றாக அடங்கவில்லை, உள்ளே எங்கேயோ ஒரு இழை இழுத்துக்கொண்டேதான் இருந்தது, மாத்திரையை நினைக்காத நேரம் என்று ஒன்று இல்லை, ஆனால் வெளியே பார்க்கிறவனுக்கு அது அசையாத கால். தறிகள் நின்றன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆர்டர் போய்விட்டால் பண்டிகைக்கு யார் வீட்டிலும் அடுப்பெரியாது. அது பொய்யில்லை, அதை நானும் அறிவேன், என் வீட்டு அடுப்பும் அதில் ஒன்று.

மத்தியானம் வெயிலில் வந்தார்கள். ஊர்வலமாக, சீர் கொண்டுவருவது போல வந்தார்கள். கோமதி கையில் பித்தளைத் தட்டம், தட்டத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பூ, நடுவில் வெள்ளித்தாள் பட்டையில் மாத்திரை. இந்த முறை மறைக்கவில்லை. மறைத்துக் கொடுத்ததால்தான் பலன் நிலைக்கவில்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மரியாதையாகக் கொடுத்தால் நிலைக்கும் என்று. சம்பத் பின்னால் நின்றான், இப்போது சிரிக்கவில்லை. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அத்தாயி என் முன்னால் வந்து நின்றாள், அவளைத் தாண்டி எனக்கு அந்த வெள்ளித்தாள் மட்டும்தான் தெரிந்தது. வாயில் எச்சில் ஊறியது. அத்தனை பேர் முகமும் மங்கி அது மட்டும் பளபளத்தது.

வையாபுரி பேசினான். ஊருக்காக என்றான், குழந்தைகளுக்காக என்றான், உன்னை இப்படிச் சீக்காகப் பார்க்க மனசு கேட்கவில்லை என்றான். டாக்டரம்மா சொன்னதை அத்தாயி சொன்னாள். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றான், ஒரே ஒரு தடவை, பண்டிகை தாண்டினால் போதும் என்றான்.

நான் அத்தாயியை ஒதுங்கச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது, நான் வாங்கிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்தாள். எனக்கே அது நிச்சயமாகத் தெரியாது. தட்டத்துக்கு முன்னால் போய் நின்று, அதைப் பார்த்தபடியே சொன்னேன்.

"என் காலுக்குத்தான் தறி ஓடோணும்னு சட்டமில்லை. மாத்திரைக்கு யார் காலும் ஒண்ணுதான். உங்கள்ல ஒருத்தர் முழுங்குங்க. முழுங்கிப் பழகி, அப்புறம் விட்டுட்டு, இந்தக் கட்டில்ல வந்து படுங்க. நான் எந்திரிச்சுக்கறேன்."

வையாபுரி சம்பத்தைப் பார்த்தான், சம்பத் டீக்கடைக்காரரைப் பார்த்தான், அவர் கீழே குனிந்து செருப்பைத் தேடினார். கோமதி தட்டத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், பாக்கு ஒன்று உருண்டு விழுந்தது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஓடுகிற கால் சீக்குக் கால் என்பது அவர்கள் அத்தனை பேருக்கும் முதல் நாளிலிருந்தே தெரியும். அதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, இந்தக் கோபம் ஆயுசுக்கும் போதும் என்று நினைத்தேன்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ராக்கியண்ணன் வந்தான். யாரையும் தள்ளாமல், பக்கவாட்டில் நுழைந்து வந்தான். என்னைப் பார்க்கவில்லை, அத்தாயியைப் பார்த்தான்.

"அண்ணி, நான் முழுங்கறேன்னு சொல்லுங்க. அண்ணன் நிம்மதியாப் படுக்கட்டும்."

சொல்லிக்கொண்டே பட்டையைக் கிழித்து மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டான்.

அந்த நேரத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். சும்மா நின்றிருந்தால் போதும். என் இடுப்பை ஒடித்தவன் என் கட்டிலில் படுத்துக் கால் உதற, நான் எழுந்து போயிருக்கலாம், நான் கேட்டிருந்தால்கூட சாமி இதைவிடச் சரியாகக் கொடுத்திருக்காது. ஆனால் எனக்கு அவன் கால்கள் தெரிந்தன, அந்தக் காலுக்குள் எறும்பு கிளம்புவது தெரிந்தது, அவன் உதறுவதும் மடக்குவதும் நீட்டுவதும், விடியாத அந்த விடியலும் எல்லாம் என் உடம்பிலேயே தெரிந்தது. என் எதிரிக்கு அதை நினைத்ததில்லை என்று சொல்ல மாட்டேன். நினைத்திருக்கிறேன். கண் முன்னால் நடக்கும்போது அது வேறாக இருந்தது.

"அத்தாயி, அவனைத் துப்பச் சொல்லு."

அத்தாயி வாயைத் திறக்கும் முன்பே என் கை அவன் தாடையைப் பிடித்துவிட்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினான், நான் கன்னத்தை அழுத்தி விரலை உள்ளே விட்டேன், கடித்தான், கடிக்கட்டும் என்று நாக்குக்கு அடியில் துழாவி அதை வெளியே எடுத்தேன். ஓரம் கரைந்து, எச்சிலும் என் விரல் ரத்தமும் கலந்து என் உள்ளங்கையில் கிடந்தது.

இப்போது அது என்னிடம் இருந்தது. வீதி முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையைப் பார்த்தது. அந்தக் கசப்பு மணம் மூக்குக்கு வந்ததும் கட்டிலில் கட்டியிருந்த நூல்கள் ஒரு தரம் விறைத்தன, பட்டறையில் எங்கேயோ ஒரு நாடா ஒரு ஓட்டம் ஓடி நின்றது. என் கை தானாக மேலே வந்தது. மார்பு வரைக்கும் வந்தது, கழுத்து வரைக்கும் வந்தது. அத்தாயி என்னைத் தடுக்கவில்லை. அவளும் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் கண்ணைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன், பார்த்தேன், அதுவும் போதவில்லை. பிறகு கடிபட்ட விரல் வலித்தது. நன்றாக, சுருக்கென்று, பக்கத்து அறையில் இல்லாமல் என் விரலிலேயே வலித்தது. நான் கையைக் கவிழ்த்தேன், மாத்திரை தரையில் விழுந்தது, காலைத் தூக்கி மிதித்தேன். குதிகாலை வைத்து இப்படியும் அப்படியும் தேய்த்தேன். அத்தனை காலமும் தன் இஷ்டத்துக்கு ஆடிய கால் அது, மிதி என்றதும் மிதித்தது, எடு என்றதும் எடுத்தது.

கோமதிதான் முதலில் நகர்ந்தாள். தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலில் தன் நூலைத் தேடி முடிச்சை அவிழ்த்து, கையில் சுற்றிக்கொண்டே தன் வீட்டுக்குப் போனாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பச்சைக்காரர் பச்சையை, சிவப்புக்காரர் சிவப்பை. வையாபுரி சிக்கு விழுந்த இடத்தில் பொறுமையில்லாமல் இழுத்தான், அறுந்ததை விட்டுவிட்டுப் போனான். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நான் எல்லார் முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டேன். அத்தாயி என் தம்பிக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள், பிறகு என் விரலுக்கு மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள்.

கரண்ட் வரவில்லை. வீதியில் அப்படி ஒரு அமைதியை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. அந்த அமைதியில் யாருக்கும் உள்ளே இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியே வந்தார்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கோமதி நடந்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வையாபுரி நடந்தான், டீக்கடைக்காரர் குழாயடி வரைக்கும் போய்விட்டு எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார், சம்பத் கடையைப் பூட்டினான், திறந்தான், மறுபடி பூட்டினான். உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக வீதியே போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டில் நகரவில்லை. அதன் மறு கோடியில் ராக்கியண்ணன் வந்து உட்கார்ந்திருந்தான், கால்கள் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டு. நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. எழுந்து போகவும் சொல்லவில்லை.